லங்காதிலகத்தில் நான் எடுத்த பூ

அக்கா,

மழை விட்டதும் அம்பிட்டியப் பக்கத்து மலையெல்லாம் காப்பி பூத்துவிட்டது. வாசம் வீட்டுக்குள் வந்ததும் அம்மா சன்னலைச் சாத்தினாள். நீ போன பிறகு எந்தப் பூ வாசமும் அவளுக்கு ஆவதில்லை. உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எல்லாரும் தூங்கியபின், பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாளில் உனக்குத்தான் எழுதுகிறேன். நாளை உன் வருஷத் திதி.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை, நீ காப்பிக்கொட்டை பொறுக்கும் ஸ்டோருக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. பழைய விகாரைகள் இருக்கும் ஊர்களுக்கு அப்பா மாட்டுவண்டியில் அரிசி ஏற்றிப் புறப்பட்டார். நீதான் கெஞ்சினாய்: "பாப்பாவும் நானும் ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறோம்ப்பா."

பேராதனைப் பாலம் தாண்டி முதலில் கடலாதெனிய. பாறைமேல் நிற்கும் கல் விகாரை. வெயிலில் உள்ளங்கால் சுட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். "பள்ளிக்கூடத்துல சோத்துக்குப் பதிலா கல்லா போடுறாங்க ஒனக்கு?" என்று மூச்சு வாங்கச் சிரித்தாய்.

மத்தியானம் லங்காதிலகம். வெளிச்சுற்றில் நம் பிள்ளையார் இருந்தார். கும்பிட்டதும் பூசாரி என் கையில் பூ தந்தார். பிறகு உள்ளே போனோம். கூரையைத் தொடுகிற மாதிரி புத்தர். "இவரும் நம்ம அப்பா மாதிரிதான்டி. என்ன கேட்டாலும் வாயத் தொறக்கமாட்டாரு" என்று என் காதில் சொன்னாய். இங்கே யாரும் பூ தரவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. நானே புத்தரின் முன்னாலிருந்து சிங்களத்தில் அரலிய என்று சொல்லும் வெள்ளைப் பூ ஒன்றை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டேன்.

வெள்ளை உடுத்திய சிங்களப் பெண் ஒருத்தி பதறினாள். "ஐயோ நங்கி, புத்தருக்கு வச்சது எடுக்கிறதில்ல! அது அங்கேயே வாடணும்." நீ சட்டென்று என் தலையிலிருந்து அதை உருவினாய். அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் நின்றார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்ப்பா" என்றாய் நீ.

வயதான பிக்கு ஒருவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். "தெரியாம செஞ்சது, குத்தமில்லன்னு சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண். அப்பா வண்டிக்குத் திரும்பினார். கண்டி வரும்வரை வண்டியில் நான் அழுதுகொண்டே வந்தேன். "அழாதடி, எனக்கு அடி பழக்கம்" என்று நீ என் கையைக் கிள்ளினாய்.

ஒன்பதாம் நாள் ஸ்டோரிலிருந்து பேதியோடு வந்தாய். மறுநாள் நீ இல்லை. உன்னோடு கொட்டை பொறுக்கிய இன்னும் இரண்டு பேரும் அதே வாரம் போனார்கள். அவர்கள் எந்தப் பூவையும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அது காதில் ஏறுவதில்லை. "சாமி பூவ எடுத்தா சும்மா விடுமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சாமி கோபித்தவளுக்குப் படைத்தால் வீட்டுக்கு ஆகாதாம். நாளை உனக்கு இலை போடமாட்டாளாம்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு இலை விழும். நேற்று அடுப்படிவரை போனேன். "அம்மா, அந்தப் பூவ..." என்று தொடங்கினேன். "அவ பேச்ச எடுக்காத. நீயாவது நல்ல புள்ளையா எனக்கு மிஞ்சியிருக்க" என்றாள். அதோடு திரும்பி வந்துவிட்டேன்.

அடிக்குப் பயமில்லை அக்கா. எடுத்தது யார் என்று வாய்விட்டுச் சொன்னால், ஆள் மாறிப்போனது அந்த நோய்க்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயம். பிக்கு சொன்னது உண்மையானால் நீ எதற்கும் இல்லாமல் செத்தாய். அம்மா சொல்வது உண்மையானால் எனக்காகச் செத்தாய். எதை நம்பிப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

காலையில் சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுதலாம். உன்னிடம் பொய் எழுத முடியவில்லை. சொல்லமாட்டேன். அம்மா எனக்கு மட்டும் இலை போடுவாள். எனக்குப் பசிக்கும். உட்கார்ந்து சாப்பிடுவேன்.