ஏழாம் அத்தியாயத்தின் நண்பர்

நவம்பர் 4

நூலாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நூல் தொடர்பாக என் குற்றச்சாட்டுகள்:

1. மார்ச் 9. அச்சுக்குப் போகுமுன் புள்ளிவிவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். நாற்பத்தொரு பிழைகளைத் திருத்தினேன். ஆறாம் அத்தியாயத்துக்கு அடுத்து எட்டாவது இருந்தது. கேட்டதற்கு, "அது இன்னும் எழுதலடா" என்றீர்கள்.

2. செப்டம்பர் 18. நூல் வெளிவந்தது. பொருளாதாரம், மரபணு, செயற்கை நுண்ணறிவு, அடுத்த நூறாண்டு, எல்லாம் ஒரே மூச்சில். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு நண்பரில் தொடங்கி மனிதகுலத்தில் முடியும் இவ்வகை நூல்களை நான் மதிப்பவன் அல்ல. இருந்தும் ஆறு படிகள் வாங்கி உறவினருக்குக் கொடுத்தேன். ஒன்று என் தங்கைக்கு.

3. அக்டோபர் 24. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தங்கை ஏழாம் அத்தியாயத்தின் முதல் பத்தியை வாய்விட்டுப் படித்தாள். 'புள்ளியியல் கற்பிக்கும் என் நண்பர் ஒருவரிடம் அறுவை மருத்துவர், பிழைக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்றார். நண்பர் வெளியே வந்து, வாய்ப்பே இல்லை என்று குடும்பத்தாரிடம் சொன்னார். எண்களை நன்கு அறிந்தவர்களே அவற்றை எளிதில் மறைக்கிறார்கள்.'

4. அதே நாள். புத்தகத்தை மூடிவிட்டு, "அண்ணா, அப்பாவுக்கு டாக்டர் எத்தனை பர்சன்ட் சொன்னாரு?" என்றாள். ஞாபகமில்லை என்றேன். "உங்களுக்கா?" என்றாள். பதினொரு நாளாக என்னோடு பேசவில்லை.

அப்பாவின் கடைசி நாளில் மருத்துவர் சொன்ன அந்த முப்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அறுவைக்குச் சம்மதம் எழுதப் பேனாவோடு நின்ற தங்கையை நான்தான் தடுத்தேன். அன்று மருத்துவமனை நடைவழியில் எங்களோடு இருந்த வெளியாள் நீங்கள் ஒருவரே. கதவோரம் ஒட்டுக்கேட்டீர்களா? அல்லது மருத்துவரைப் பின்னர் சந்தித்து வாயைக் கிளறினீர்களா? எனக்கென்று எஞ்சியிருப்பவள் இந்தத் தங்கை ஒருத்தி. அவளையும் நான் இழக்கும்படி செய்யும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

இப்படிக்கு,
உங்களுக்கு அத்தியாயமாகப் பயன்பட்டவன்

நவம்பர் 11

அன்புள்ள தராசு,

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு 'நீங்கள்' போட்டிருக்கிறாய். விடுதி அறையில் என் சோப்பையெல்லாம் கரைத்துத் தீர்த்த காலத்தில் இந்த மரியாதையைக் காட்டியிருக்கலாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டேய், அது நீ இல்லை. நான்.

என் அம்மாவுக்கு நடந்தது அது. நீ அப்போது வெளிநாட்டில் இருந்தாய். இந்த மாதிரிப் புத்தகங்களில் 'என் நண்பர் ஒருவர்' என்று வந்தால் பாதி நேரம் அது எழுதியவனேதான். என்னை யாரும் அடையாளம் காணக் கூடாதென்று பத்திரிகைக்காரனைப் புள்ளியியல்காரனாக்கினேன். உன் வேலையை இரவல் வாங்கியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். உன்னிடம் அந்த அத்தியாயத்தைக் காட்டாததற்குக் காரணம், ஒரே பார்வையில் நீ என்னைப் பிடித்துவிடுவாய் என்ற பயம். முப்பது என்பது மருத்துவர்கள் கைவசம் வைத்திருக்கும் எண் போலிருக்கிறது. நம்பிக்கையும் கொடுக்கும், பழியும் வராது.

நடைவழியில் நான் எதையும் கேட்கவில்லை. நீ வெளியே வந்து தலையை ஆட்டினாய், நம்பினேன். உன் கடிதம் வரும்வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கச்சியிடம் நான் பேசட்டுமா? அந்த நண்பர் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். நம்புவாள். அதில் பொய்யும் இல்லை.

என்றும் உன்
அறைத்தோழன்

நவம்பர் 20

நண்பனுக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. என்னைக் காப்பாற்ற ஜோடித்த கதை என்றே சந்தேகித்தேன். நீ அலுவலகத்தில் இருக்கும் வேளை பார்த்து உன் வீட்டைத் தொலைபேசியில் அழைத்து, உன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி உன் மனைவியிடம் விசாரித்தேன்.

"ஒண்ணுமே செய்ய முடியாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டாருன்னு இவருதாண்ணா வந்து சொன்னாரு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அந்த ஏழாவது அத்தியாயத்துல வர்றது நீங்கதானேண்ணா? படிக்கறப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு" என்றார்.

ஆமாம் என்றேன்.

புத்தகத்து நண்பர் சொன்ன அதே சொல்லை நீ சொல்லியிருக்கிறாய்; ஆகவே நீ எழுதியது உண்மை என்று ஏற்கிறேன். உன் வீட்டில் உன் பழியும் என் தலையில்தான் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

தங்கையிடம் நீ பேச வேண்டாம். அவள் உன்னை நம்பி, என்னைத் தவறாக நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்பாள். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நேற்று நானே அவளை அழைத்து, அப்பாவுக்கு மருத்துவர் சொன்னது முப்பது என்று சொன்னேன்.

"இருபத்தெட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். "ஏன் மறைச்சீங்கன்னு அன்னிக்கு எனக்குத் தெரியணும். அப்பாவால வலி தாங்க முடியாதுன்னா, இல்ல உங்களால தாங்க முடியாதுன்னா?"

விடையை உன் நூலில் தேடினேன். நண்பர் மறைத்தார் என்ற இடத்திலிருந்து ஒரே தாவலில் மனிதகுலத்துக்குப் போய்விட்டாய். உன்னைத் தவிர, இதைச் செய்த வேறு ஆளை எனக்குத் தெரியாது.

நீ ஏன் மறைத்தாய்? ஆய்வு முடிவு, ஆறுதல், மேற்கோள் எதுவும் வேண்டாம். தொலைபேசியிலும் வேண்டாம். பதில் எழுத்தில், உன் கையொப்பத்தோடு, நவம்பர் 27 சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

தராசு