புதுச்சத்திரத்து வேகத்தடை

செம்மண்டலம், கடலூர்
14.11.2010, ஞாயிறு

அன்புள்ள மச்சான் சகாய ஆனந்துக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். தோஹாவில் இப்போது வெயில் குறைந்திருக்கும் என்று உன் அம்மா சொன்னார்கள். நான் கடைசியாக எழுதிய கடிதம் பாலிடெக்னிக்கில் கொடுத்த லீவ் லெட்டர். அதையும் நீதான் எழுதினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இது முழுக்க என் கையால் எழுதுவது. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் "அதெல்லாம் ஓட ஓடப் பழகிடும்டா, கிறிஸ்மஸுக்கு வண்டிக்கு நல்ல ஷாக் அப்சார்பரா வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். போன வாரம் கிறிஸ்மஸுக்கு லீவு இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதன் பிறகுதான் பேனாவைத் தேடி எடுத்தேன். மஞ்சக்குப்பம் ராஜமாணிக்கம் அண்ணன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். உன் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டோடு சேர்க்காமல் அவர் கையில் தனியாகக் கொடுக்கிறேன். நீயும் தனியாக இருக்கும்போது படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் மெக்கானிக் ஷெட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்று நாளாகச் செங்கல் மேல் நின்றுகொண்டு வேலை பார்க்கிறேன், இடுப்பு விட்டுப் போகிறது. எதிரே தங்கம்மாள் அக்கா டீக்கடையையும் மூடிவிட்டார்கள். கேட்டால், தண்ணீரில் நின்று டீ ஆற்ற என்னால் ஆகாது தம்பி என்கிறார்கள். எல்லோருக்குமே அலுப்பாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஜென் கார்.

ஏப்ரலில் நீ கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த சிவப்பு ஸ்பிரிங் நான்கையும் என் ஷெட்டில் பிரித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பாவிடம் வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வேலை பார்த்தோம். ஸ்பிரிங் குட்டை, ஆனால் ஷாக் நான்கும் கம்பெனி ஷாக். அவை உயரமான ஸ்பிரிங்குக்கு அளவு பார்த்துச் செய்தவை. குட்டை ஸ்பிரிங்கோடு போட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் பாதி இறங்கி நிற்கும், சின்னப் பள்ளம் வந்தாலும் அடியில் போய் முட்டும், சீக்கிரம் ஆயில் கசியும் என்று நான் உன்னிடம் சொன்னேன். இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான். ஆனால் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதுவும் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னேன். எனக்கும் ஆசை மச்சான். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து மயங்கி, இரண்டு பேரும் சில்வர் பீச் வரை ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்தோமே.

அப்பாவிடம் சொல்லக் கூடாது, நீ திரும்பி வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டாய். நானும் கொளஞ்சியப்பர் மேல் ஆணையாக என்று சொல்லிவிட்டேன். என் பெயருக்கு உரிய சாமி. அந்தச் சாமியிடம் பொய்ச் சத்தியம் செய்தவன் கதையெல்லாம் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நீ விமானம் ஏறிவிட்டாய். நான் அந்த வண்டியோடு மாட்டிக்கொண்டேன்.

அது யார் ஓட்டும் வண்டி என்று நாம் இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு உன் அப்பா உன் தங்கச்சி அனிதாவை உட்காரவைத்துக் கிளம்புகிறார். அண்ணாமலை நகர் நூலகத்தில் அவளை விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து வரை மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்து கூட்டி வருகிறார். போக நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர நாற்பத்தைந்து. இரும்புக் காலிபர் மாட்டிய காலோடு அவளால் பஸ் படி ஏற முடியாது என்பதால்தானே நீ அந்த வண்டியையே வாங்கிக் கொடுத்தாய். அவள் மூன்று நேர்காணல் போய் வாங்கிய வேலை அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறது.

மே மாதமே அப்பா ஷெட்டுக்கு வந்தார். வேகத்தடையில் அடி உரசுகிறது, வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றார். வண்டி கொஞ்சம் உக்காந்துட்ட மாதிரி இருக்கே என்றார். வயசாயிடுச்சு மாமா என்றேன். வண்டியைச் சொன்னேன். அவர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். "ஆமாப்பா, அறுவத்தி மூணு ஆவுது. வேகத்தடை தூரத்துல வரும்போதே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது, அதான் வேகமா ஏத்திப்புடறேன்" என்றார். அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். முதுகுக்கு ஒரு பெல்ட். நெல்லிக்குப்பம் ஆலையில் வேலை பார்த்த இருபத்தெட்டு வருஷமும் ஸ்கூட்டரில் போய் வந்து ஒரு கீறல் விழாத மனுஷன், இப்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார். மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு வண்டிக்கு இரண்டாம் தடவை மந்திரித்து, தீர்த்தமும் தெளிக்கச் செய்தார். தீர்த்தம் தெளிக்கும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கின் மேலும் நாலு சொட்டு விழுந்தது.

ஆகஸ்டில் முன் ஷாக் இரண்டும் கசிந்தன. மாற்றினேன். அக்டோபரில் மறுபடியும் கசிந்தன. மறுபடியும் மாற்றினேன். டயர் உள்பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. பாரம் ஜாஸ்தியோ என்று அப்பாவே கேட்டார். இருக்கலாம் மாமா என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இத்தனைக்கும் காரணம். டிக்கியிலிருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். அவர் ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதை அனிதா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

அதற்கு மறுநாள் புதுச்சத்திரத்தில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் உயரமான வேகத்தடையில் வண்டி அடி தட்டி நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த சைக்கிள் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "முன்னாடி வெயிட்டு ஜாஸ்தி சார், அந்தப் பொண்ண எறங்கிக்கச் சொல்லுங்க." அப்பா வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் கதவைத் திறந்து, காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கிவிட்டாள். வண்டி உரசாமல் ஏறி இறங்கியது. அன்றிலிருந்து தினமும் இறங்குகிறாள் ஆனந்து. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மழையிலும். அவள் நடந்து வரும்வரை அப்பா வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். காலிபரின் முழங்கால் பூட்டில் சேறு அடைத்துக்கொண்டு மடங்கவில்லை என்று ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்து கிரீஸ் கேட்டாள். நான்தான் வைத்துவிட்டேன். "நம்ம வண்டி மாதிரிதாண்ணே, நானும் சர்வீஸுக்கு வந்துருக்கேன்" என்று சிரித்தாள். அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சீ, நானும் ஒரு மெக்கானிக்கா என்று இருந்தது.

ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள் என்று உன் அம்மா சொல்கிறார்கள். ஒரு தம்ளர் மோரோடு சரி. கேட்டால் பசியில்லை என்கிறாளாம். எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை அப்பா ஷெட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்தார். "நல்ல ஆளாப் பாத்து வித்துடு கொளஞ்சி. என் கைக்கு வண்டி அடங்கல. பொண்ண வச்சிக்கிட்டு எங்கயாவது மோதிட்டா நான் எந்த மூஞ்சோட இருப்பேன்" என்றார். அப்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைக் காட்டினேன்.

திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்ப என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லியா?" என்று கேட்டார். அதைத்தான் மச்சான் முதலில் கேட்டார்.

அன்றைக்கே பழைய ஸ்பிரிங்குகளைப் போட்டுவிட்டேன். சாக்கில் சுற்றி வைத்திருந்தேன், துருகூட ஏறவில்லை. ஷாக்கும் புதிது, அலைன்மென்டும் பார்த்துவிட்டேன். சத்தியத்தை உடைத்ததற்காக மறுநாளே விருத்தாசலம் பஸ் ஏறிக் கொளஞ்சியப்பர் சந்நிதியில் புகாரைப் பிராதுச் சீட்டாக எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். ஊரில் எல்லோரும் அடுத்தவன் பேரில்தான் பிராது கட்டுவார்கள். நான் என் பேரிலேயே கட்டினேன். உன் பெயரை எழுதவில்லை, பயப்படாதே.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க நானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். சிப்காட் தாண்டியதும் அப்பா ஒரு நாலு மாடி உயரம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். பள்ளம் எதுவும் தெரியவில்லை. புதுச்சத்திரம் வந்தது. வண்டி நிற்பதற்குள் அனிதா கதவைத் திறந்துவிட்டாள். வேணாம்மா, ஷாக் மாத்தியாச்சு என்றார் அப்பா. "இருக்கட்டும்பா, எதுக்கு வம்பு" என்று இறங்கிவிட்டாள். வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது. அவள் நடந்து வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்போடு சொன்னாள். "பாத்தீங்களாப்பா, இப்ப சத்தமே வரல. நான் நாலு கிலோ கொறஞ்சிருக்கேன்."

அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் பின்னால் செத்துக் கிடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள், ராஜினாமா எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாளாம். டிசம்பர் முதல் தேதி கொடுத்துவிடப் போகிறாளாம். அப்பாவையும் வண்டியையும் இதற்கு மேல் படுத்த முடியாது என்று சொன்னாள்.

அவளை இறக்கிவிட்ட பிறகு அப்பாவிடம் கெஞ்சினேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள் மாமா என்று. மாட்டேன் என்கிறார். நான் சொல்கிறேன் என்றேன், அதுவும் கூடாது என்கிறார். "அண்ணன் மேல உசுரையே வச்சிருக்கா. நான் சொன்னா அவன் மேல புகார் சொன்ன மாதிரி ஆயிடும். அவன் வாயால சொன்னாத்தான் தாங்கிக்குவா" என்றார். உன் மேல் அவருக்குக் கோபமே இல்லை. ஆசைப்பட்டுப் போட்டிருக்கான், கழட்டினதப் பத்திரமா வையி என்று என்னிடம் சொன்னார். நான்கும் எண்ணெய் தடவி உன் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

அதனால் எனக்கு ஒரே ஒரு காரியம் செய் மச்சான். ஷாக் வேண்டாம், எதுவும் வேண்டாம். முதல் தேதிக்கு முன்னால் அனிதாவுக்குப் போன் போடு. அம்மா போனில் பேசிவிட்டு அவளிடம் இரண்டு வார்த்தை என்று வேண்டாம், அவளுக்கே போடு. நீ போட்டதையும், நான் மறைத்ததையும் சொல். அவள் பாரம் இல்லை என்று சொல். அழுவாள், திட்டுவாள். வாங்கிக்கொள், எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள். அதற்குப் பிறகு அவள் என் ஷெட்டுப் பக்கமே வராமல் போனாலும் எனக்குச் சம்மதம்.

நாளைக்குத் திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கிளம்புவார்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. நீ போன் செய்கிற வரைக்கும் அவள் புதுச்சத்திரத்தில் இறங்கி நடப்பாள்.

நீ நல்லா இருக்கணும். உன் மாதாவும் என் சாமியும் உன் கூட இருக்கட்டும்.

உன் நண்பன்,
கொளஞ்சி