மூக்கைச் சிந்தக் கூடாது

அம்முக் கண்ணு,

நீ காட்டச் சொல்லிட்டே இருந்தியே, அந்த மேல் கடவாய்ப் பல்லை எடுத்தாச்சு. நீ போனதுமே கன்னம் வீங்கி, ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தம் புடிச்ச சளி வந்துச்சு. இத்தனை வருசம் பனியன் கம்பெனியில இழுத்த பஞ்சுத் தூசிதான்னு ஆவி புடிச்சுட்டே இருந்தேன். டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினாங்க. கன்னத்து எலும்புக்குள்ள காத்து நிக்கற அறை ஒண்ணு இருக்குதாம், அது மூக்கோட சேர்ந்ததாம். அதுக்குத் தரையாட்டம் இருக்கற மெல்லிசு எலும்பை ஒட்டித்தான் பல்லோட வேரு நிக்குதாம். பல்லைப் புடுங்கறப்ப அந்தத் தரை ஓட்டையாயிருச்சு. வாயில ஊத்துன தண்ணி மூக்கு வழியா வந்துச்சு கண்ணு.

தையல் போட்டிருக்காங்க. ஆறற வரைக்கும் மூக்கைச் சிந்தக் கூடாது, தேம்பி அழுகவும் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. பிரிஞ்சா ஆபரேசன்தானாம்.

நேத்து உன்ர அத்தை மயிலாள் துக்கம் கேக்க வந்து, என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. நானும் கூடச் சேர்ந்து அழுகோணுமில்ல? மூச்சை அடக்கிட்டுச் சும்மா நின்னேன். "பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு"ன்னு வாசல்ல செருப்பு மாட்டறப்ப சொல்லிட்டுப் போறாங்க. உங்கப்பா எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவரு அழுதுட்டு இருந்தாரு.

இந்தப் புண்ணு ஆறறதுக்குள்ள வர்றவங்க எல்லாம் வந்துட்டுப் போயிருவாங்க. அதுக்கப்பறம் நான் யாரைக் கட்டிப் புடிச்சு அழுகட்டும், கண்ணு?

உன்ர அம்மா