அலாரத்தைக் கழற்றிய அமாவாசை

நகரி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரோஹிணிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் உன் நைனாவும், முட்டிவலியைச் சேர்க்காமல் சொன்னால், நன்றாகவே இருக்கிறோம். அங்கு டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யஸ்வந்தும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்டு என்னைக் கூண்டில் ஏற்றிவிடுகிறாய், காகிதம் குறுக்கே பேசாது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதி செல்வியிடம் வடகத்தோடும் மிளகாய்ப் பொடியோடும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள், ஒரு வாய் தண்ணீரும் குடித்துக்கொள். நம் வீட்டு அலாரத்தைக் கழற்றிவிட்டோம்.

உடனே அந்தத் திருப்பதி அபார்ட்மெண்ட் பேச்சை எடுக்காதே, முழுதும் படி. அலாரம் வேலை செய்கிற வரைக்கும் நகரி, அது நின்றுபோனால் மறுமாதமே வாட்ச்மேன் இருக்கிற திருப்பதி வீடு என்று நீ போட்ட கண்டிஷனை நான் மறக்கவில்லை. அந்த வீட்டுக்கான ஃபாரத்தையும் அனுப்பிவிட்டாய், நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சுழித்தும் வைத்துவிட்டாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டை உடைத்துப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்று நீ பயந்த பயம் எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் நீ ஆசையாக மாட்டிக் கொடுத்த பெட்டி அது. அதைக் கழற்ற எனக்கு மட்டும் மனசு வந்ததா என்ன. ஆனால் இரண்டு வாரமாக அது கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான் சில்வண்டு என்று நினைத்தேன். உன் நைனா டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டில் நாலு தறிக்கு அடியிலும் தவழ்ந்து தேடினார். எதிர்வீட்டுச் செல்லியம்மா மகள் துர்காதேவி இருக்கிறாளே, ஸ்ரீ சிட்டியில் கம்ப்யூட்டர் போர்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அவள்தான் போன வாரம் வந்து காதை வைத்துக் கேட்டு, மூடி இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அத்த, உள்ள பேட்டரி உப்பிக்கினு கீது, இப்டியே வுட்டா ஒரு நாள் பொகஞ்சி பூடும், ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்து நானே கழட்டறேன், யாரும் கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மாட்டிவிட்ட கடைக்காரனுக்குப் போன் போட்டுப் பார்த்தோம், அந்த நம்பரே உபயோகத்தில் இல்லையாம்.

யாரும் கை வைக்காதீர்கள் என்று சொன்னால் உன் நைனாவுக்கு அது தன்னைச் சொன்னது போலவே தோன்றாது. நாற்பது வருஷம் தறி மோட்டார் பிரித்தவனுக்கு இந்த டப்பா ஒரு டப்பாவா என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கரண்டு போச்சு, இனிமே இது வெறும் தகரம் என்று ஸ்டூல் மேல் ஏறி மூடியைத் திறந்தார். திறந்ததுதான் தாமதம், வெளிச் சுவரில் இருக்கிற சைரன் ஊரைக் கூட்டியது. மற்ற நாளாக இருந்தால் தெருவில் ஓடுகிற தறிச் சத்தத்தில் செல்லியம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்காது. அன்றைக்கு அமாவாசை, தறிக்கு லீவு, ஒரு தறியும் ஓடவில்லை. தெருவே நிசப்தமாக இருக்க, நம் வீடு மட்டும் அலறுகிறது. நம்பரை அழுத்து, நம்பரை அழுத்து என்று அவர் ஸ்டூலிலிருந்து கத்துகிறார். நான் அலாரத்தை நிறுத்துகிற நம்பர் பட்டனுக்கு முன்னால் நின்றுகொண்டு உன் பிறந்த தேதியை அழுத்துகிறேன், எங்கள் கல்யாணத் தேதியை அழுத்துகிறேன், கேஸ் புக் நம்பரைக்கூட அழுத்திப் பார்த்தேன். அது அடங்கவில்லை.

அப்போதுதான் யாரோ கதவை இடித்தார்கள். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துத் திறந்தால் பக்கத்து வீட்டு வேதாச்சலம் அண்ணன். நம் மாடித் தொட்டி வழிந்து அவர் தறியில் ஏற்ற வைத்திருந்த பாவு நூல் முழுக்க நனைந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நம் வாசலை மிதிக்காதவர், உன் நைனாவைத் தெருவில் பார்த்தால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர், சட்டைகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார். சைரனை ஆம்புலன்ஸ் என்று நினைத்துவிட்டாராம். கண்ணெல்லாம் தண்ணீர். தாமு, தாமு, இன்னாடா ஆச்சு உனுக்கு என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவருக்கு எதிரில் உன் நைனா கையில் ஸ்குரூ டிரைவரோடு ஸ்டூல் மேல் நிற்கிறார். நீ நல்லாத்தான் கீறியா என்று அவர் கேட்டார், பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. நல்லாத்தான் கீறேன், உக்காரு, காப்பி துன்னுட்டு, சே, குடிச்சிட்டுப் போ என்றார் இவர், வாய் குழறி. பிறகு ஸ்டூலை விட்டு இறங்கி வந்து பட்டனைப் பார்க்காமலேயே நாலு நம்பரைத் தட்டினார். சத்தம் நின்றது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எட்டு வருஷமாக ராத்திரி அலாரம் போடுவது என் பொறுப்பு, எனக்கே தெரியாத நம்பர் இவருக்கு எப்படிக் கைப்பாடம் ஆனது. அவருக்கும் அதே நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது, தினமும் போடுகிறவளுக்கு நம்பர் ஏன் தெரியவில்லை என்று. வேதாச்சலம் அண்ணன் எதிரிலேயே எல்லாம் வெளியே வந்தது. கேள், உனக்கும் சொல்லிவிடுகிறேன். மாட்டின முதல் மாதம் விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது அது என்னைப் பார்த்துக் கத்தியதில் எனக்கு நெஞ்சு படபடத்துப் போனது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. நீ போனில் அலாரம் போட்டாச்சா என்று கேட்கும்போதெல்லாம் போட்டுட்டேன் என்று சொன்னது சுத்தப் பொய். நான் போடுவதில்லை என்று உன் நைனா மறுமாதமே கண்டுபிடித்துவிட்டாராம். என்னிடம் சொன்னால் சண்டை வரும் என்று, நான் தூங்கினதும் எழுந்து போய்ப் போட்டுவிட்டு, நான் எழுந்திருப்பதற்கு முன்னால் எடுத்துவிடுவாராம். ராத்திரி இரண்டு தடவை பாத்ரூமுக்கு எழுந்து ஹாலைக் கடந்து போகிறீர்களே, அப்போது ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். வூட்டுக்காரன் யாருன்னு அதுக்குத் தெரியாதா என்றார். சத்தியமாக இதைத்தான் சொன்னார்.

அதற்குள் துர்காதேவி வந்துவிட்டாள், சத்தம் கேட்டுப் பாதி பின்னின சடையோடு. மாமா, கரண்ட்ட புடுங்கினா செத்துப்பூடும்னு யார் சொன்னது, உள்ள ஒரு பேட்டரி கீது, வெளிய சைரனுக்குத் தனியா ஒண்ணு கீது, மூடிய தொறந்தா கத்தறதுக்குன்னே ஒரு பட்டன் கீது என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் செய்த அழகைப் பார்க்க வேண்டுமே. டெஸ்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பேட்டரி ஒயரை ஒவ்வொன்றாக உருவி, உருவினதுமே முனையில் டேப் சுற்றினாள். இரண்டு முனை ஒன்றோடொன்று பட்டால் பொறி பறக்குமாம், அதனால் எல்லா ஒயரையும் சேர்த்துக் கட்டிங் பிளேயரால் வெட்டவே கூடாதாம். பிறகு வெளியே போய், இன்னும் ஒரு தபா கத்தும், யாரும் பயப்படாதீங்க என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிச் சைரன் பேட்டரியை எடுத்தாள். நான் ஏறுகிறேன் என்று உன் நைனா எழுந்தார். ஏறினால் எலும்பு முறிந்து நேராகப் புத்தூர் கட்டுதான், உட்காருங்கள் என்று அடக்கினேன். உப்பிப்போன பேட்டரியைத் துணியால் பிடித்துப் பிளாஸ்டிக் பேசினில் வைத்திருக்கிறோம், குப்பையில் போடக்கூடாதாம், இன்வெர்ட்டர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

கடைசியாக ஹால் மூலையில் உயரத்தில், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற அதன் கண்ணைக் கழற்றியவள், கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. வாங்கிப் பார்த்தால் கண்ணைக் காணோம், சந்தனமும் குங்குமமும் ஒரு விரற்கடை தடிமனுக்கு இருக்கிறது. ஆயுத பூஜைக்குத் தறி, தராசு, மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது இதையும் விடாமல் நாற்காலி போட்டு ஏறி, நடுவில் வட்டமாக இருந்த இடத்தில் வருஷா வருஷம் அப்பியிருக்கிறார் உன் நைனா. அத்த, மொத பூஜையிலயே இதுக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சி, இது மாமாவையும் பாக்கல, திருடனையும் பாக்கல என்றாள் துர்கா. பூஜை போட்டதிலிருந்து அது அடங்கிவிட்டது, எல்லாம் சாமி அருள் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வேதாச்சலம் அண்ணன் காப்பி புரையேறிச் சிரித்தார். அன்று மத்தியானம் அவர் வீட்டிலிருந்து வாழைக்காய் வறுவல் வந்தது, இங்கிருந்து பாயசம் போனது. இரண்டு பேரும் இரண்டு நாளாகச் சாயங்காலம் ஆனால் தொட்டி வழியாமலிருக்க மிதவை மாட்டுகிறோம் என்று மாடியிலேயே கிடக்கிறார்கள், மிதவை இன்னும் மாட்டினபாடில்லை.

ரோஹிணி, இவ்வளவு நேரம் சிரித்தேன், இனி சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். எட்டு வருஷம் இந்த வீட்டுக்கு அலாரமே இல்லை, நாங்கள் இருந்தோம். நீ பயப்படுவது திருடனுக்கு இல்லை என்றும் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒன்று ஆகி, நீ வந்து சேர ஒன்றரை நாள் ஆகுமே என்றுதான் பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லை என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திருப்பதி வீட்டில் வாட்ச்மேன் இருப்பான், கேமரா இருக்கும், லிஃப்ட் இருக்கும், எங்களுக்கு ஒன்று என்றால் சட்டை போட மறந்து ஓடிவர ஓர் ஆள் இருக்க மாட்டான். பேசாத மனுஷனே அப்படி ஓடி வந்தாரம்மா. எங்களை இங்கேயே விடு.

பொய் சொன்னதற்கு என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு, போனில் வேண்டாம். குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நகரி அம்மன் துணையில் நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, வடகத்தை ஒரு நாள் வெயிலில் காட்டு, அங்கே வெயில் வந்தால். உன் ஃபாரத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ பென்சிலால் சுழித்த இடத்தில் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. உன் நைனா அதன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஸ்கெட்ச் பேனாவால் வேதாச்சலம் அண்ணன் போன் நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டார், இனி அதை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள். நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு
நகரியிலேயே இருக்கிற உன் அம்மா
தா. அம்சவேணி