முப்பத்தொரு நாளுக்குள் பதிந்த கம்பனி

வென்ட்வேர்த்வில், சிட்னி
புதன்கிழமை

மதிப்புக்குரிய ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

நீங்களும் யோகாவும் மகள் வினுஷாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் அண்ணர் இரத்தினசிங்கத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கடந்த ஞாயிறு இங்கே நிறைவேறியது. நேற்று மெல்பேர்னிலிருந்து உங்கள் உறை வந்து சேர்ந்தது.

நமது மணவறை அலங்காரத் தொழிலைக் கம்பனியாக மாற்றவேண்டும் என்று முதலில் சொன்னவன் நான். ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் நம் தூண் சரிந்து ஒருவரின் தோள் முறிந்தபோது, அவர் நட்டஈடு கேட்டால் பங்காளிகளான நம் இருவரின் வீடுகளுக்கும் ஆபத்து வரலாம் என்று கணக்காளர் பிரியந்தினி எச்சரித்தார். கம்பனி என்றால் வீடு தப்பும். ஆளுக்குப் பாதிப் பங்கு, இருவரும் கம்பனியை நடத்தும் பணிப்பாளர்கள் என்று நம் ட்ருகனினா பட்டறையில் இருந்து பேசி முடித்தோம்.

பதிவுக்கு நீங்கள் நாள் பார்த்திருந்த வாரத்தில் அண்ணர் காலமானார். சாவுத் துடக்குக் கழியும்வரை நாளைத் தள்ளலாம் என்றேன். "துடக்கோடை புதுக் கம்பனிக்குக் கையெழுத்து வைக்காதை மச்சான். நல்ல நாளை விடேலாது. முப்பத்தொண்டு கழியட்டும், உன்ரை பேரைப் பிறகு சேர்ப்பம்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பிரியந்தினி கூடாது என்று தடுத்தார். அந்தப் பிள்ளைக்கு எங்கள் முறை தெரியாது என்று நான்தான் அவரின் வாயை அடைத்தேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்தவன் செய்த பிழை அது. அதை உங்கள்மேல் சுமத்தவில்லை.

ஆனால் உறைக்குள் இருந்தது பங்குப் பத்திரம் அல்ல. என்னை மூத்த வடிவமைப்பாளராக வேலைக்கு எடுக்கும் ஒப்பந்தம். இருபத்தொரு வருடமாக நான் வரைந்த மணவறைகள் அனைத்தும் கம்பனிக்கே சொந்தம் என்கிறது அதன் ஏழாவது பந்தி. கம்பனிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நூறு பங்குகளும் உங்கள் பெயரிலும் யோகாவின் பெயரிலும் இருக்கின்றன. அண்ணரின் சாம்பலை நான் கடலில் கரைத்த அன்று பதிந்திருக்கிறீர்கள். யோகாவை அழைத்துக் கேட்டேன். அண்ணை, இனி உங்களுக்குத் தலையிடி இல்லை, மாதம் முடியச் சம்பளம் வரும் என்றார்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். பாதிப் பங்கு என் பெயரில் பதியும்வரை, என் வரைபடம் எதையும் வைத்து அந்தப் பட்டறையில் ஒரு பலகைகூட அறுக்கக்கூடாது. அறுத்தால் வழக்கறிஞர் எழுதுவார். அவர் இவ்வளவு சுருக்கமாக எழுதமாட்டார்.

ஒன்று மட்டும் விலக்கு. அடுத்த மாதத் திருமணத்துக்கான வினுஷாவின் மணவறை வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது அவளுக்கு, கம்பனிக்கு அல்ல. தூண்களின் அடியில் எடையைக் கூட்டியிருக்கிறேன். அவளுடைய மேடையில் எதுவும் சரியக்கூடாது.

கட்டுவதற்கு ஒரு முழு நாள் வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் என் பெயர் பதிவானால் நானே வந்து கட்டித் தருவேன். பதிவாகாவிட்டால், மாமா ஏன் வரவில்லை என்று பிள்ளை உங்களிடம் கேட்பாள். துடக்கு என்று சொல்லுங்கள். அவள் நம்புவாள், நானும் நம்பினேன்.

அவள் நீடூழி வாழட்டும்.

இன்றுவரை உங்கள் பங்காளி,
குணரத்தினம்