ரோஸி என்ற பெயர்

புதுச்சேரி

சரசுவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் காவல் பார்க்கும் நூலகப் படியில் லேசாகச் சறுக்கிவிட்டேன், பயப்படாதே.

"வூட்ல யாருக்குச் சொல்லணும் பெரியவரே?" என்று மருந்து போட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள். என் வாய் "ரோஸி" என்றது.

இங்கே நானாகப் பிரெஞ்சு படிக்கிறேன். சொல்லின் ஒலியை 'சிஞிஃபியான்' என்கிறார்கள். அது குறிக்கும் பொருள் வேறாம். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரின் ஒலியைத்தான் நம் வீட்டில் தடுத்தேன். "குரோம்பேட்டைக்குக் காய்ச்சலாம்" என்று அவள் இருக்கும் ஊரைச் சொல்வாய். யாருக்கென்று தெரிந்தும் செய்தித்தாளைப் புரட்டுவேன்.

அந்தக் கல்யாணத்தை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. உன் வாயை அடைத்தது என் தப்பு.

சறுக்கியதில் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. அலமாரியில் உள்ள பழையதை அவளிடம் கொடுத்தனுப்பு. அவள் வாங்க வரும்போது நம் இரும்புலியூர் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

நூலகம் திறக்க நேரமாகிவிட்டது.

ஏசுபாதம்