பாரோனேக்குப் போட்ட விளம்பரம்

பலெர்மோ,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள எமிலியானா மச்சாளுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே வீட்டில் எல்லோருக்கும் சுகம் கிடைக்க மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். உள்ளபடி சொன்னால் ஒரு மாதமாக எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அங்கே முழு வீடும் கேட்கும். இங்கே உங்கள் தம்பி பக்கத்தில் நிற்பார். இங்கே பக்கத்து வீட்டு அனிற்றா அக்கா வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளிக்கிடுகிறார். நெடுந்தீவுக்கு வந்து உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். தனிய இருந்து வாசியுங்கள்.

சித்திரையில் நீங்கள் இவருக்கு அனுப்பிய குரல் பதிவை நானும் கேட்டேன். அந்தோனியார் பெருநாளுக்குத் தம்பி தனிய வரட்டும், கலியாணத்தை ரத்துச் செய்யேலுமோ எண்டு ஆயர் இல்லத்திலை ஒருக்கால் விசாரிச்சுப் பாப்பம், அவனுக்கு இன்னும் வயசு போகேல்லை, அவளோடை இருந்து அவன்ரை வாழ்க்கை வீணாப் போகுது என்றெல்லாம் சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சரியான கோபம். இரண்டு நாள் உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் சட்டி கழுவினேன். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. உங்கள் தம்பியின் குதிரை வேலையைப் பற்றி எழுத வந்தேன்.

முந்தின மாரியில் ஸ்ஃபெர்ராகவால்லோ மீன் சாப்பாட்டுக் கடையில் இவரை வேலையால் நிற்பாட்டினார்கள் அல்லவா? கடைசி நாள் அங்கே சாப்பிட வந்த கலோஜெரோ என்ற குதிரைக்காரர், எந்த ஊர் என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் சும்மா இருக்காமல், எங்கடை தீவிலை குதிரையள் தன்பாட்டிலை திரியும், ஒல்லாந்தர் காலத்திலை வளர்த்த குதிரையளின்ரை வம்சம் என்று கதை விட்டிருக்கிறார். அந்த மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, பரம்பரைக் குதிரைக்காரன் கிடைத்துவிட்டான் என்று அடுத்த நாளே வேலைக்கு எடுத்துவிட்டார். உங்கள் தம்பி ஊரில் குதிரை எதிரே வந்தால் வேலி பாய்கிறவர் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வேலை தேவை என்பதால் ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டில் யூடியூப்பில் குதிரைக்குக் கடிவாளம் போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனேன்.

கலோஜெரோவிடம் பாரோனே என்று ஓர் ஆண்குதிரை. ஊர் ஊராகப் பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் காசு கட்டி அதனிடம் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கு விளம்பரம் போட வேண்டுமாம். பேஸ்புக்கிலும் போட்டு, தீன் விற்கிற கடைகளின் கதவிலும் ஒட்டினார்கள். நிறம் கபிலம், நெற்றியில் வெள்ளை, தாய் இன்னது, தகப்பன் இன்னது, சுபாவம் சாது, குட்டி நிச்சயம், கரு தங்காவிட்டால் மறுமுறை காசில்லாமல் விடப்படும். சாது என்றது முழுப் பொய், இவருடைய இரண்டு சேர்ட்டைக் கடித்துக் கிழித்திருக்கிறது. அதற்குக் கீழே இவரின் படம். பராமரிப்பவர், இந்து சமுத்திரத்துக் குதிரைத் தீவின் நிபுணர் ஸ்தேஃபனோ என்று எழுதியிருந்தது. பின்னால் எங்கள் தீவின் இடிந்த குதிரை லாயத்துத் தூண்களை இன்டர்நெட்டில் எடுத்து ஒட்டியிருந்தார்கள். இவர் என்னுடைய சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கலியாணம் பேசும்போது நீங்கள் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய விபரமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதில் தலைப்பாகை இல்லை.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் மாதம் பயந்து பயந்துதான் போய் வந்தார். பிறகு பழகிவிட்டார். குதிரை காதை மடித்தால் கோபம் என்று அறிந்தார், எந்தப் பக்கத்தால் கிட்டப் போவது என்று அறிந்தார். அங்கே உள்ளவர்கள் இவரை மாஸ்த்ரோ, எங்கள் பேச்சில் குரு, என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நிமிர்ந்து நடந்தார், மச்சாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மன்னிக்கவும்.

போன வருடம் பாரோனேயிடம் விட்ட பெட்டைகள் ஒன்றுக்கும் தங்கவில்லை. மிருக வைத்தியர் ஸ்கான் பண்ணிப் பார்த்தால் வயிறு வெறுமை. கலோஜெரோ அதற்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒன்று கிழடு, ஒன்று மெலிவு, இன்னொன்றின் சொந்தக்காரி தீன் சரியாகப் போடவில்லை. என்ரை குதிரை ராசா, குறை எல்லாம் பெட்டையிலைதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த வருடமும் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் போட்டார். இந்த வருடமும் தங்கவில்லை.

இவர் அதை வந்து சொல்லும்போதெல்லாம் நான் எழும்பி வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். கேட்க முடியவில்லை. மச்சாள், நீங்கள் மடுக் கோயிலிலிருந்து எண்ணெய் அனுப்பினீர்கள், பூசினேன். வேரும் தூளும் அனுப்பினீர்கள், குடித்தேன். நேர்த்தி வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். ஒன்பது வருடமாக வந்த பொதி எல்லாம் என் பெயருக்குத்தான் வந்தது. உங்கள் தம்பி பெயருக்கு ஒரு போத்தல்கூட வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் சோதித்தார்கள். டொக்டர் சொன்னதை ஊருக்குச் சொல்வதில்லை என்று அன்றைக்கே இவருக்கு வாக்குக் கொடுத்தேன். இந்தக் கடிதத்திலும் சொல்லப் போவதில்லை.

குதிரைக்கு வருகிறேன். பங்குனிக் கடைசியில், பார்த்தினிக்கோ பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் பெட்டைக் குதிரையை மூன்றாம் தரம் கொண்டுவந்தாள். கலோஜெரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. முற்றத்தில் பத்துப் பேருக்கு முன்னால், இது மலடு, தீன் போட்டுக் காசைக் கரியாக்காமல் இறைச்சிக்குக் குடு என்றிருக்கிறார். இங்கே குதிரை இறைச்சி தின்பார்கள், அது சும்மா சொன்ன பேச்சில்லை. விலை பேசி எடுக்க ஆளும் அங்கேயே நின்றானாம். அந்தப் பெண் கயிற்றை அவனிடம் கொடுக்கப் போயிருக்கிறாள்.

உங்கள் தம்பி போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் ஒருவன் வந்து இடித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிற உங்கள் தம்பி. பெட்டையிலை பிழை இல்லை, முதல்லை உங்கடை குதிரையைச் சோதியுங்கோ என்று சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். கலோஜெரோவும் சிரித்து, ஆம்பிளையிலை குறை இருக்குமெண்டு உன்ரை குதிரைத் தீவிலை படிப்பிச்சவையோ என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு இவர் ஒரு மறுமொழி சொன்னார். குதிரையைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி. பிடித்த கயிற்றை விடாமல், குரலைத் தாழ்த்தாமல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். பிறகு அந்த முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு இதை இவர் சொல்லவில்லை. கலோஜெரோவின் மனைவி, சிஞோரா மரியெல்லா, அன்றைக்கு அங்கே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர். இரண்டு நாள் கழித்து, கால்சாப் பகுதியில் நான் வேலை செய்கிற வீட்டுக்கே தேடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இவர் சொன்னதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு, படிகளைக் கழுவுகிறேன் என்று தண்ணீரைத் திறந்துவிட்டு நானும் அழுதேன். சந்தோசமோ கோபமோ, எனக்கே தெரியாது. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் தன் குதிரையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். பிறகு பாரோனேயைச் சோதித்தார்களாம். குறை அதில்தான். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், இவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மொண்டெல்லோவில் கோடைக்கு வேலை கேட்டிருக்கிறோம், கிடைக்கும். அதற்காக நான் கவலைப்படவில்லை.

வியாழக்கிழமை.

அனிற்றா அக்கா பெட்டி கட்டிவிட்டார், கடிதத்தைக் கேட்கிறார். கெதியாக முடிக்கிறேன்.

இவர் இப்போது வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. கதிரையில் இருப்பார், எழும்புவார், கால்சாக் கடற்கரைக்குப் போவார், போன கையோடு திரும்பி வருவார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடுவார். பிறகு வைத்துவிட்டு, அக்கா சமையலாய் இருப்பா என்பார். போன கிழமை நான் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன், அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னாலை சொன்னனீங்கள், அக்கா ஒராளுக்குச் சொல்ல ஏலாதோ என்று. நான் அறிந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. கையிலிருந்த போனை மேசையில் வைத்துவிட்டு, அது அந்நிய சனம், அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவ, அவவின்ரை முகத்தை நினைச்சால் வாய் வருகுதில்லை என்றார்.

பெருநாளுக்கு அவரை அனுப்ப மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. விமான ரிக்கற் போடுங்கள், வரட்டும். ஆயர் இல்லத்துக்குப் போவதென்றாலும் போங்கள். ஆனால் அங்கே யாரிடமும் ஒன்றும் கேட்பதற்கு முதல் உங்கள் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். குதிரைக்காரன்ரை முற்றத்திலை என்ன சொன்னனி என்று மட்டும் கேளுங்கள். இடையில் கதைக்காதீர்கள், அவருக்கு வார்த்தை வரச் சற்று நேரம் எடுக்கும். போனில் என்றால் ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

சொல்லி முடித்த பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைத் திட்டாதீர்கள், மச்சாள். என்னைத் திட்டிய வாயால் அவரைத் திட்டாதீர்கள். நான் தாங்கிவிட்டேன், அவர் தாங்க மாட்டார்.

அந்தோனியார் உங்களுக்கு நிறையப் பொறுமையைத் தரட்டும். எனக்குத் தந்தது முடிந்து வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி
செலஸ்ரீனா